மச்சான் கேட்ட பவர்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கேபிள் இழுத்து இழுத்து வலது கைக் கட்டைவிரல் சரியாக மடங்குவதில்லை. அதனால் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, புயல் அடித்த தோப்பு மாதிரி இருக்கும். பிழைகளைத் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். திருத்தும்போது நான் சொல்லாததைச் சேர்த்துவிட வேண்டாம். சேர்ப்பீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

நம் கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று உங்கள் மாத இதழில் வந்ததை என் மகள் ரேவதி போனில் படித்துக் காட்டினாள். நான் சிங்கப்பூருக்கு வந்தது 2004-இல். கப்பல் பட்டறையில் வேலை. எனக்கு எழுத என்ன இருக்கிறது என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு இந்த வருஷம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டிய ஒரு சொல்லைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அது ஆங்கிலச் சொல். ஆனால் நம் ஊரில் மாடு மேய்க்கிறவரும் அதைச் சொல்லுவார்.

1

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் ஆள்கள் கூடுகிற தேக்கா கடைத்தெருப் பக்கம் கண்ணாடிக் கடை ஒன்றுக்குப் போனேன். மின்சாரப் பெட்டிக்குள் கேபிளின் நம்பர் தெரியவில்லை, தூரப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வயது ஆகிறது, வேறு ஒன்றுமில்லை. கடையில் இருந்தது இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைப் பார்த்ததும், "அங்கிள், உங்க பவர் எவ்வளவு?" என்று கேட்டாள்.

நான் அவளை உற்றுப் பார்த்தேன். ஏனென்றால் அன்று காலையில்தான் ஊரிலிருந்து என் மச்சான் ஏழுமலை பேசியிருந்தான். ஏழுமலை என் மனைவி வசந்தாவின் தம்பி. அவன் கடைசியாகச் சொன்னது, "மாமா, ஒரு பவர் குடுத்துடுங்க" என்பது. அந்தப் பெண்ணுக்கும் ஏழுமலைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நொடி, இவளுக்கு யார் சொன்னது என்று நினைத்தேன்.

என் குணம் அப்படி. கூச்சப்படுகிறவனுக்குச் சந்தேகம் அதிகம் என்று வசந்தா சொல்லுவாள். வாயால் கேட்க முடியாததையெல்லாம் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பேனாம்.

2

ஊரில் நான் முதலில் கேட்ட பவர், மாத்திரையின் பவர். "இது பவர் ஜாஸ்தி, சாப்புட்டுட்டுத்தான் போடணும்" என்று மருந்துக் கடைக்காரர் சொல்லுவார். அப்புறம் குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிற தெருக்களில் கைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பவர்லூம் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்புறம் பவர் கட். இதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மின்சாரம் இருக்கும்போது நாம் அதைக் கரண்ட் என்கிறோம். போய்விட்டால்தான் பவர் கட். இருக்கும்போது ஒரு பெயர், இல்லாதபோது ஒரு பெயர்.

இங்கே வந்தபிறகு என் வேலையே பவர்தான். கப்பலுக்குள் இரண்டு விதமான கேபிள் ஓடும். மெலிந்தது கன்ட்ரோல் கேபிள். தடித்தது பவர் கேபிள். தடித்ததை இழுக்க ஆறேழு பேர் வரிசையாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நான் தடித்த கேபிள் ஆள்.

வந்த புதிதில் ஒருநாள், கஷ்டமான ஒரு வளைவில் கேபிளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நிமிர்ந்தேன். எங்கள் சீன சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "வாஹ், பவர் லா!" என்று கத்தினார். நான் பயந்துபோய்க் கேபிளைப் போட்டுவிட்டு ஓடினேன். கரண்ட்டைப் போடச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பிரமாதம் என்பதற்கு இங்கே அப்படிச் சொல்லுவார்களாம். எனக்கு அது பாராட்டு என்று தெரிந்தபிறகும், அவர் அந்தச் சொல்லைச் சொன்னால் முதலில் சுவிட்சைத்தான் பார்ப்பேன்.

பட்டறையில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஏற்கனவே கரண்ட் ஓடுகிற கேபிளில் வேலை என்றால், சுவிட்சை அணைத்துவிட்டு, வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் பூட்டை அதில் மாட்ட வேண்டும். ஐந்து பேர் என்றால் ஐந்து பூட்டு. சாவி அவரவர் பையில். ஐந்தாவது ஆள் வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை முதலாளியே வந்தாலும் சுவிட்சைப் போட முடியாது. யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. நம்பவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. குடும்பத்துக்குள்ளும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

3

போன வருஷக் கடைசியில் தானே புயல் அடித்தபோது எனக்கு இரவு வேலை. காலையில் வந்து வீட்டுக்குப் போன் போட்டால் போகவில்லை. அடுத்தடுத்த நாளும் போகவில்லை. அறையில் எங்கள் பக்கத்து ஆள்கள் எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வசந்தா குறிஞ்சிப்பாடியில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் வரிசையில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டு பேசினாள். "ஓடு போச்சி, நாங்க இருக்கோம்" என்றாள். அதற்குள் சார்ஜ் போய்விட்டது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பொங்கல் தாண்டிவிட்டது.

குறிஞ்சிப்பாடிக்கு மேற்கே செம்மண் பூமியில் எனக்கு ஒரு முந்திரித் தோப்பு. என் அப்பா வரிசை பிடித்து நட்ட மரங்கள். ரேவதியின் படிப்பு, அவள் கல்யாணம், நான் திரும்பி வந்தபிறகு எங்கள் சாப்பாடு எல்லாம் அதில்தான். பட்டா என் பெயரில். வருஷாவருஷம் கொட்டை பொறுக்கி விற்றுக் கொடுப்பது ஏழுமலை. அவனுக்குச் சொந்தமாக டிராக்டர் உண்டு. ஊரில் யார் நிலம் என்றாலும் அவன் வண்டிதான் ஓடும். அதனால் நிலம் வாங்கி விற்கிற புரோக்கர்களோடு அவனுக்குப் பழக்கம் அதிகம்.

கண்ணாடிக் கடைக்குப் போன அன்று காலை அவன் பேசியது இதுதான்: "மாமா, தோப்பு முழுக்கப் படுத்துடுச்சி. ஆபீசருங்க வந்து கணக்கெடுக்கிறாங்க. பட்டாக்காரரு எங்கன்னு கேக்குறாங்க. நீங்க எங்க வரப்போறீங்க? எம்பேர்ல ஒரு பவர் குடுத்துடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

எல்லாம் நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு அந்த 'மத்தது' உறைத்தது. கணக்கெடுப்பு ஒன்று. மற்றது எது?

என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுப்பவன் அந்தோணி. பிச்சாவரம் பக்கம் மீனவக் கிராமம். அவன் வெளிநாடு வரும்போது, உப்பங்கழி ஓரமாக இருந்த நிலத்துக்குத் தம்பி பெயரில் பவர் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டாவது வருஷம் லீவில் போனபோது அந்த இடத்தில் இறால் பண்ணை இருந்தது. காவல்காரன் இவனை உள்ளே விடவில்லை. தம்பி வேறு ஊருக்குப் போய்விட்டான். அந்தோணியிடம் ஏழுமலை கேட்டதைச் சொன்னேன். அவன் கீழே எட்டிப் பார்த்துச் சொன்னான்: "பவர்னா என்னான்னு தெரியுமா அண்ணே? உங்க கைய வெட்டி இன்னொருத்தன்கிட்ட குடுக்கிறது. அது எங்கெங்க கையெழுத்துப் போடுதுன்னு உங்களுக்குத் தெரியாது."

அதற்குமேல் அன்று தூங்க முடியவில்லை. ஏழுமலை மறுபடி பேசியபோது, பவர் பத்திரத்துக்கு முத்திரை வாங்க வேண்டிய தூதரகத்தில் கூட்டம் ஜாஸ்தி, டோக்கன் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அதற்கடுத்த முறை போட்டோ சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள் என்றேன். நான் தூதரகம் இருக்கிற தெருப்பக்கமே போகவில்லை.

4

ரேவதி சிதம்பரத்தில் விடுதியில் தங்கி ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நான் வெளிநாடு வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அப்போது போனை விடமாட்டாள். சிங்கப்பூரில் மழை பெய்கிறதா, நாய் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்போது நான் கேட்டால்தான் பேச்சு. "சாப்டியாம்மா?" "ம்." "பரீட்சை எப்படி?" "பரவாயில்லப்பா." பின்னால் தோழிகள் ஆங்கிலத்தில் சிரிக்கும் சத்தம் கேட்கும். நானும் வைத்துவிடுவேன்.

அவளிடம் பேச எனக்கும் ஒரு விஷயம் வேண்டுமே என்று, பவர் என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம், எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். "எதுக்குப்பா?" என்றாள். சும்மாதான் என்றேன்.

அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். அவள் தானாகக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நூலகத்தில் தலையணை பருமனுக்கு ஒரு அகராதி இருக்கிறதாம். அதில் பவருக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் போகிறதாம். அவள் குரலில் பழைய ரேவதி இருந்தாள்.

"இது இங்கிலீஷ் வார்த்தையே இல்லப்பா. பிரெஞ்சு பேசுனவங்க இங்கிலாந்தை ஆண்டப்போ அவுங்க கொண்டாந்தது. நம்ம பாண்டிச்சேரிய ஆண்டவங்க பாஷை. அதுக்கும் முன்னாடி லத்தீன்."

"லத்தீன்ல என்னா அர்த்தம்?"

"முடியும்கிறதுதான். 'என்னால முடியும்'னு சொல்றோமில்ல, அந்த முடியும். பிரெஞ்சுல இன்னிக்கும் அதுக்கும் இதுக்கும் ஒரே வார்த்தை."

பழைய காலத்தில் படையையும் பவர் என்பார்களாம். கண்ணுக்குத் தெரியாத தேவதை, பிசாசுகளையும் பவர் என்பார்களாம். பிறகு ராஜா, பிறகு பெரிய நாடு. குதிரைக்கும் நீராவிக்கும் வந்து, மின்சாரத்துக்கு வந்தது ரொம்பப் பின்னால். கண்ணாடிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. கணக்கில் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிக்கொண்டே போனால் அதற்குப் பவர் என்று பெயராம். மூன்றை மூன்றால், வந்ததை மறுபடி மூன்றால். வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமலே அது பெருத்துக்கொண்டு போகும் என்றாள். எனக்கு அது உடனே புரிந்தது. என் சந்தேகமும் அப்படித்தான் வளர்கிறது.

முடியும் என்ற சொல்லைப் பற்றி அன்று வேலையில் நினைத்துக்கொண்டே இருந்தேன். நம் பத்திரங்களில் பவரை அதிகாரம் என்று எழுதுகிறார்கள். அதிகாரம் என்றதும் எனக்கு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பேசுகிற ஒருவர்தான் மனசில் வருகிறார். நாங்கள் கேபிள் இழுக்கும்போது ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது, "முடியுமா? முடியுமா?" என்பது. இரண்டும் ஒரே சொல் என்றால், எந்தக் காலத்தில், யார் கையில் போய் ஒன்று மற்றதாக மாறியது? அதை அகராதி சொல்லவில்லை.

ரேவதி வைப்பதற்கு முன் கேட்டாள்: "எந்தப் பவருப்பா? மாமா கேட்ட பவரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அவளிடம் சொல்லவே இல்லை. அப்படியானால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். "நீ என்னா நினைக்கிறே?" என்று கேட்டேன். "அது உங்க இஷ்டம்ப்பா" என்றாள். பழைய ரேவதி போய்விட்டாள்.

5

மாசி மாதக் கடைசியில் ரேவதி லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது தோப்பைப் போட்டோ எடுத்து நெட்டில் அனுப்பினாள். என் போனில் நெட் இல்லை. அந்தோணியின் போனில்தான் வந்தது. உள்ளங்கை அளவு படம். செம்மண். அதில் ஒரு மரம்கூட இல்லை. மரத்துக்குப் பதிலாக, வரிசை வரிசையாக, சம இடைவெளி விட்டு, குட்டையாக வெள்ளை வெள்ளையாக நட்டிருந்தது.

அந்தோணி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணே, இது பிளாட்டு."

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போகிற யாருக்கும் இது தெரியும். சிப்காட் கெமிக்கல் வாசனை மூக்கை விட்டுப் போனதும் ஆரம்பிக்கும். நேற்றுவரை சவுக்கோ நெல்லோ இருந்த இடத்தில் ஒரு வளைவு, அதில் ஒரு நகர் பெயர், கலர் கலராகக் கொடி, உள்ளே வரிசையாக வெள்ளையடித்த கல். அந்தக் கல்லைப் பார்த்துப் பார்த்து, வெள்ளையாகக் குட்டையாக எது வரிசையில் நின்றாலும் நம் கண்ணுக்கு அது மனைதான்.

பவர் கொடுக்காமலே அவன் மனை போட்டுவிட்டான் என்று முடிவு செய்தேன். அப்படியானால் என் கையெழுத்தை யார் போட்டது? வசந்தாவுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா? வசந்தாவிடம் போனில் கேட்க வாய்வரை வந்தது. தெரிந்தால் உஷாராகிவிடுவார்கள் என்று கேட்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், வீட்டில் காரியம் என்று சொல்லி லீவு கேட்டேன். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

6

சித்திரை வெயில். யாருக்கும் சொல்லவில்லை. குறிஞ்சிப்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து, பெட்டியோடு நேராகத் தோப்புக்குப் போனேன்.

கிட்டே போனால் அவை கல் இல்லை. முந்திரி மரங்கள். சாய்ந்து வேர் தாங்கி நின்றவற்றையெல்லாம் இடுப்புயரத்துக்கு ரம்பம் போட்டு அறுத்து, அடியில் மண் அணைத்து, வெட்டுவாயிலிருந்து கீழ்வரை வெள்ளையாகப் பூசியிருந்தது. தொட்டேன். சுண்ணாம்பு கையில் ஒட்டியது. உள்ளே மரம்.

ஒரு வாளியும் தென்னை மட்டைத் தூரிகையுமாக வசந்தா ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். தலையில் துண்டு. முகமெல்லாம் வெள்ளைப் பொட்டு. என்னையும் பெட்டியையும் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போவாம நேரா இங்க வந்துட்டீங்களா? மரம் என்ன ஓடியா போயிடும்?"

நான் போட்டோவைச் சொன்னேன். மனைக்கல் என்று நினைத்ததையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலந்து பூசினால் பூச்சி ஏறாது, வேர் பிழைத்திருந்தால் தளிர் விடும் என்று தோட்டக்கலை ஆள் வந்து சொன்னாராம். பக்கத்தில் பலபேர் வேரோடு தோண்டி விறகுக்குப் போட்டுவிட்டார்கள். இவள்தான் அறுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறாள். "போட்டோவக் கண்ணாடி போட்டுக்காமலா பாத்தீங்க? கல்லுக்கு யாராவது மண்ணு அணைப்பாங்களா?" என்றாள்.

பிறகு, "கல்லு பாக்கணும்னா வாங்க, காட்டுறேன்" என்று மேற்கு எல்லைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அங்கே உண்மையிலேயே கல் இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் புயலுக்குப் பிறகு விற்றுவிட்டார். வாங்கினவர்கள் மட்டம் தட்டி மனை போட்டிருந்தார்கள். எல்லையோரம் போட்ட ஒரு வரிசைக் கல்லை எங்கள் பக்கம் இரண்டு எட்டு உள்ளே தள்ளி நட்டிருக்கிறார்கள். ஊர் ஆண்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க, வசந்தா கடப்பாரை கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பெயர்த்து அவர்கள் பக்கம் உருட்டிவிட்டாள். புரோக்கர் வந்து, "நீ யாரும்மா? பட்டாக்காரனைச் சிங்கப்பூர்லேர்ந்து வரச் சொல்லு" என்றானாம். இவள் நகரவில்லை. இரண்டு நாள் அங்கேயே சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் பழைய எல்லையிலேயே நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதில் ஒன்றுகூட எனக்குப் போனில் சொல்லவில்லை. சொன்னால் அங்கே உட்கார்ந்துகொண்டு தூங்கமாட்டீர்கள், அதனால் யாருக்கு லாபம் என்றாள்.

"அப்ப ஏழுமலை எங்க இருந்தான்?" என்று கேட்டேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "இங்கதான் நின்னான். மட்டம் தட்டுனதே அவன் டிராக்டருதான். வாயத் தொறந்தா வண்டி வாடகை போயிடும். பேசாம நின்னான்."

நான் தலையை ஆட்டினேன். இத்தனை மாதம் நான் நினைத்தது பாதியாவது சரிதான் என்று எனக்குள் ஒரு திருப்தி. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"அவன் திருடன் இல்லீங்க. பயந்தவன். ரெண்டும் வேற."

7

இனிமேல் யாராவது வந்து நீ யார் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும். அது மட்டும் நிச்சயம். லீவு முடிவதற்குள் பத்திர ஆபீசுக்குப் போவது என்று முடிவாயிற்று. யார் பெயருக்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குள் தெளிவாக இருந்தது. ஆனால் நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து சொல்வது எனக்குப் பெரிய வேலை.

நான், வசந்தா, ஏழுமலை மூன்று பேரும் போனோம். ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையை ஒட்டிப் பத்திரம் எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் எல்லாம் தயாராக இருந்தது. "பாத்துக்குங்க" என்று திரையைத் திருப்பினார். பவர் ஏஜென்ட் என்ற இடத்தில் ஏழுமலையின் பெயர், அவன் அப்பா பெயர், வயது, விலாசம் எல்லாம் இருந்தன. நான் யாருக்கும் சொல்லவில்லையே, எப்படி வந்தது? ஏழுமலை சொன்னானா? இல்லை, வெளிநாட்டுக்காரன் பவர் என்றால் மச்சானுக்குத்தான் என்று அவரே அடித்துவிட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிரிண்ட் எடுக்க அவர் பட்டனைத் தட்டியபோது கரண்ட் போயிற்று. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. "வந்ததும் எடுத்துடலாம். ஒரு மணி நேரம்தான்" என்றார். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நான் சொல்லியாக வேண்டும். வேர்வை வழிந்தது. இரண்டு முறை தொண்டையைக் கனைத்தேன். ஏழுமலை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

"பேரை மாத்தணும்" என்றேன்.

"யார் பேரு சார்?"

"ஏஜென்ட் பேரு. வசந்தா பேருக்கு. எங்க வீட்டுல."

அவர் வசந்தாவைப் பார்த்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்தார். "லேடீஸ் பேர்ல வச்சா அலைச்சல் ஜாஸ்தி சார். ஒவ்வொண்ணுக்கும் ஆபீஸ் ஏறி எறங்கணும். யோசிச்சிக்குங்க."

 ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா பேருக்கே போடுங்க" என்றான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்: "எம்மேல சந்தேகமா மாமா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. வசந்தாதான் சொன்னாள்.

"அவருக்கு அவரு மேலயே சந்தேகம்டா. நீ போயி டீ வாங்கிட்டு வா."

போனான். எல்லாருக்கும் வாங்கி வந்தான், பத்திரம் எழுதுகிறவருக்குக்கூட. தனக்கு மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

கரண்ட் வந்தது. பெயர் மாறியது. வசந்தா எட்டாவது வரை படித்தவள், என்னைவிட நன்றாகக் கையெழுத்துப் போடுவாள். பத்திரம் எழுதுகிறவர் நிபந்தனைகளைப் படித்துக் காட்டினார். கொடுத்தவர் இறந்துபோனால் பவரும் அன்றோடு போய்விடும் என்ற இடத்தில் வசந்தா, "அதைச் சத்தமா படிக்காதீங்க, போதும்" என்றாள். சாட்சிக் கையெழுத்து இரண்டில் ஒன்று ஏழுமலை போட்டது.

8

நான் திரும்பி வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் ரேவதி பேச்சுவாக்கில் சொன்னாள், அம்மா தோப்பை மாமாவுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டதாக. மரம் காய்ப்புக்கு வரும்வரை வரிசைக்கு நடுவில் உழுது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுக்கொள்ளலாமாம்.

 உடனே வசந்தாவுக்குப் போட்டேன்.

"ஏழுமலைக்கு விட்டுட்டியாமே?"

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"கேட்டா என்னா சொல்லியிருப்பீங்க?"

நான் யோசித்தேன்.

"அதான் கேக்கல" என்றாள். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து சொன்னாள்: "அவன் டிராக்டரு நம்ம நெலத்துல ஓடுனா அந்தப் பக்கம் ஓடாதுங்க. தன் பயிருன்னு ஆயிட்டா வாயத் தொறப்பான்."

நான் வைத்துவிட்டேன். அந்தோணியிடம் சொன்னேன். அவன் மேலிருந்து, "அக்காவும் தம்பியும் ஒண்ணாயிட்டாங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதிலிருந்து என் மனசில் பழைய கணக்கு மறுபடி ஓடுகிறது. நான் கொடுத்தது அவளுக்கா, அவள் வழியாக அவனுக்கா? பத்திர ஆபீசில் அவன் அக்கா பேருக்கே போடச் சொன்னது கோபத்திலா, இதை நினைத்தா? வசந்தா சொல்லுகிற காரணம் நல்ல காரணம். நல்ல காரணமாக இருப்பதே எனக்கு இடிக்கிறது. பவரை ரத்து செய்ய ஒரு காகிதம் போதும் என்று அந்தோணி சொல்லுகிறான். தூதரகம் எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். போகவில்லை. அவள் கடப்பாரையோடு நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஏழுமலை செய்ததைத்தான் செய்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்று போட்டேன். எத்தனை வருஷக் குத்தகை, எழுதி வாங்கினாளா, யார் சாட்சி என்று வரிசையாக வைத்திருந்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு எடுத்தாள். தோப்பில் இருக்கிறாளாம். பின்னால் டிராக்டர் ஓடும் சத்தம். யாரையோ, வேரை ஒட்டிப் போகாதே, தள்ளி ஓட்டு என்று அதட்டினாள். அவன், "சரிக்கா, சரிக்கா" என்றது எனக்கும் கேட்டது.

"தளிர் விட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"விட்டிருக்கு" என்றாள்.

எத்தனை மரத்தில் என்று நான் கேட்கவில்லை.

சிங்கப்பூர்,
12 ஆகஸ்ட் 2012, ஞாயிற்றுக்கிழமை.